ஆர். எல். ஹாரிசன்

2018 செப்டம்பரில் அப்பா முதல் முறையாகக் கோடைக்கானல் வந்தார். அது குறிஞ்சி பூத்த வருஷம். அவர் வந்தது பேத்தியைப் பார்க்க. ஆனால் புதுக்கோட்டையில் கேட்டவர்களிடமெல்லாம், "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கத்தான் பூக்குமாம், பாத்துட்டு வந்துருவோம்னு" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். பதிவு அலுவலகத்துக்கு அவர் வரவில்லை. மகள் பிறந்தபோதும் வரவில்லை. குறிஞ்சி அழைத்ததும் வந்துவிட்டார்.

மனைவியின் வீடு அட்டுவம்பட்டியில். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். 1984-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அத்தை அங்கே அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கக் குடும்பம். வீட்டு வாசலில் மாதா படம், பின்னால் பூண்டுப் பாத்தி, மதியம் மூன்று மணிக்கே வாசலேறி வந்துவிடும் மூடுபனி. அப்பா அந்த வீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றாமல், நாற்காலியின் நுனியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "சம்பந்தி" என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் வாயில் வரவில்லை.

இரண்டாம் நாள் ஒரு வாடகை வண்டி பிடித்துக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். அங்கே நின்றால் வடக்கே பழனி மலை தெரியும் என்பார்கள். அன்று பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது ஓட்டுநர் எல்லாச் சுற்றுலாப் பயணிகளுக்கும் சொல்லும் கதையை எங்களுக்கும் சொன்னார். "இது ஒரு வெள்ளைக்காரம்மா கட்டுன கோயில் சார். நம்ம ஆளு ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, இந்துவா மாறி, பேரையும் லீலாவதின்னு மாத்திக்கிட்டாங்க."

அப்பா முன்சீட்டிலிருந்து பாதி திரும்பி என்னைப் பார்த்தார். "பாத்தியாடா, வெள்ளைக்காரியே மாறியிருக்கா."

பின்சீட்டில் மனைவி, தோளில் தூங்கும் குழந்தையோடு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மாவோட முந்தின பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஓட்டுநருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

பெயர் கிடைப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பழைய புத்தகங்களின் முகப்புப் பக்கங்கள் போதும். 1902-ல் லண்டனில் ஒரு நூல் வெளியானது. யோவான் எழுதிய நற்செய்திக்கு ஞானயோகத்தின் வழியில் எழுதப்பட்ட ஆங்கில விளக்கவுரை. எழுதியவர் பெயர் ஸ்ரீ பரானந்தா. பதிப்பித்தவர் ஆர். எல். ஹாரிசன். 1905-06-ல் பரானந்தா அமெரிக்கா போய் உரையாற்றினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1907-ல் ஒரு நூல் வந்தது. அதை எழுதியவர் 'திருமதி பொ. ராமநாதன்'. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆர். எல். ஹாரிசன். அதற்குப் பிறகு அடைப்புக்குறியும் இல்லை. லீலாவதி ராமநாதன், பின்னர் கணவருக்கு சர் பட்டம் கிடைத்ததும் லேடி ராமநாதன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலும் பழைய பெயர் வரலாற்றில் எங்காவது நிற்கும், தேடினால் கிடைக்கும். ஹாரிசன் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. ஆனால் தேடியாக வேண்டும்.

ஸ்ரீ பரானந்தா என்பது பொன்னம்பலம் ராமநாதன். 1851-ல் பிறந்தவர். தஞ்சாவூரைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமி என்ற குருவிடம் சைவ ஞானம் கேட்டவர், அந்தப் பெயரைத்தான் நூலுக்குச் சூட்டிக்கொண்டார். இலங்கைச் சட்டசபையில் தமிழர்களின் பிரதிநிதி, பிறகு அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரல். 1915-ல் இலங்கையில் கலவரம் நடந்து சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டபோது அவர்களுக்காகப் போராடினார். அவர் இங்கிலாந்து போய்த் திரும்பியபோது, சிங்களவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துப் போனார்கள். ஹாரிசனை இலங்கை வாழ்க்கை வரலாறுகள் ஆஸ்திரேலியப் பெண் என்கின்றன. கோடைக்கானல் வழிகாட்டிகளுக்கு அவர் 'ஐரோப்பியப் பெண்மணி'. முதலில் ராமநாதனின் மாணவி, பிறகு செயலாளர், பிறகு மனைவி. ராமநாதனுக்கு முன்பே செல்லாச்சி அம்மாளோடு திருமணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு இது முதல் அனுபவமும் அல்ல. ராமநாதனின் தாய்மாமன் சர் முத்துக் குமாரசுவாமி, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பயின்று, கிறிஸ்தவர் அல்லாதவராக அங்கே வழக்கறிஞர் தகுதி பெற்ற முன்னோடி. 1870-களின் நடுவில் கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். 1877-ல் கொழும்பில் ஒரு மகன். தாயும் குழந்தையும் முதலில் இங்கிலாந்துக்குப் போனார்கள். முத்துக் குமாரசுவாமி பின்னால் போக வேண்டும். 1879 மே 4, கப்பல் ஏற வேண்டிய அதே நாளில் இறந்துபோனார். எலிசபெத் திரும்பி வரவில்லை. மகனை இங்கிலாந்திலேயே வளர்த்தார். அந்த மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் படித்து, இலங்கையில் கனிமங்களை அளக்க வந்து, கடைசியில் நடராஜரின் நடனத்தை உலகத்துக்கு விளக்கியவர். சட்டசபையில் மாமாவின் இடம் காலியானதும் அங்கே போய் உட்கார்ந்தவர் மருமகன் ராமநாதன்.

அப்படியென்றால், வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை ராமநாதன் இருபத்தெட்டு வயதிலேயே பார்த்துவிட்டார். புருஷன் செத்தால் பிள்ளை அந்தப் பக்கம் போய்விடும். இது என் ஊகம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் ஒன்று இந்த மாதிரிக் கணக்கைப் போடாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் போட்டார்கள். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா புள்ள யாருது?" என்று பெரியம்மா கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

ஹாரிசனின் கதை இப்படிப் போகவில்லை. 1913-ல் ராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காக ராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். அதன் தலைமைப் பொறுப்பு லீலாவதிக்கு வந்தது. ஏன் அங்கே, ஏன் பெண்களுக்கு என்று கேட்டால் பக்கத்து ஊரைப் பார்க்க வேண்டும். உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824-லேயே பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கிவிட்டது. எலைசா அக்னியூ என்ற மிஷனரிப் பெண் 1840 முதல் ஏறக்குறைய நாற்பது வருஷம் அதை நடத்தினார். சைவ வீட்டிலிருந்து படிக்கப்போன பெண்கள் ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவ மாப்பிள்ளைகளை மணந்து குடும்பம் நடத்தினார்கள். பெண்ணைப் படிக்க அனுப்பினால் பெண் போய்விடுவாள். இதுதான் பயம். அந்தப் பயத்துக்கு மாற்றாகக் கட்டப்பட்ட பள்ளிக்குத் தலைவி, அதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்த ஒரு பெண். யாழ்ப்பாணம் அவரை ஏற்றுக்கொண்டதில் ஆச்சரியமில்லை. உடுவிலுக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே அவர் இருந்தார்.

இந்த மலையும் அந்தக் கதைக்கு வெளியே இல்லை. யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷன்தான் 1834-ல் கடல் தாண்டி மதுரைக்குக் கிளை பரப்பியது. மதுரை வெயிலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்த மிஷனரிகள் 1845-ல் பழனி மலைமேல் ஏறி இரண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைட், ஷெல்டன். கோடைக்கானல் என்ற ஊரே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ராமநாதன் 1930-ல் இறந்தார். 1936-ல் லீலாவதி, மிஷனரிகள் உண்டாக்கிய இதே ஊரில், முருகனுக்குக் கோயில் கட்டினார். இப்போது அதைப் பழனி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. குறிஞ்சி நிலத்தின் தெய்வம் முருகன். அந்த நிலத்துக்குரிய ஒழுக்கம் களவில் கூடுவது. முருகனே தினைப்புனத்துக் குறப்பெண்ணைத் தேடிப்போய் மணந்தவன். இதெல்லாம் லீலாவதிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வள்ளி கல்யாணத்துக்கு ஊரே மொய் எழுதும். அதே ஊரில் நிஜ வள்ளி யாராவது ஓடிப்போனால் நடப்பது வேறு.

இதுவரை அப்பா சொன்னதற்கு ஆதரவாகத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வெள்ளைக்காரி மாறினார், ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தின் கதை 1936-ல் முடியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின.

முதலாவது, ராமநாதன். கடல் தாண்டி, மதம் தாண்டி, இனம் தாண்டி மணந்தவர். 1928-ல் டொனமூர் ஆணைக்குழு இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை என்று பரிந்துரைத்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். பெண்களும், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களும் வாக்களிக்க வருவதை அவர் ஏற்கவில்லை. அதை எதிர்த்து வாதாட, எண்பது வயதை நெருங்கும்போது லண்டன் வரை போனார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர். அந்தக் கல்லூரியை நடத்தியது அவர் மனைவி. ஒரு வேலியைத் தாண்டியவன் எல்லா வேலியையும் பிடுங்கிப் போடுவான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. தாண்டியது தனக்கு மட்டுமான விதிவிலக்கு என்று நம்புகிறவர்கள் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லையா என்று மனைவி கேட்டால் உடனே பதில் சொல்ல எனக்கும் வராது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, 'நம்ம ஆளுங்களா' என்று தரகரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டது நான்தான்.

இரண்டாவது, மருமகன். ராமநாதனின் மருமகன் சு. நடேசன், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். மாமனார் எதிர்த்த அதே வாக்குரிமையில் 1934-ல் காங்கேசன்துறையிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். 1952 தேர்தலில் அதே தொகுதியில் அவர் தோற்கடித்தது செல்வநாயகத்தை. பின்னாளில் 'தந்தை செல்வா' ஆன அதே செல்வநாயகம்தான். செல்வநாயகம் கிறிஸ்தவர். அந்தத் தேர்தலில் அது அவருக்கு எதிரான பேச்சுப் பொருளானது. ஓட்டுக்காக மதம் மாறுவதில்லை என்று நின்று தோற்று, 1956-ல் அதே ஊரில் ஜெயித்தார். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த ஒருவர் அம்மனைப் போலக் கொண்டாடப்பட்ட ஊரில், கிறிஸ்தவராகவே இருந்த இன்னொருவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே தலைமுறைக்குள்.

மாறாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு நான் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு கதை உண்டு. சின்ன வயதில் அப்பத்தா "வெள்ளக்கார ராணி" என்று சொல்வார். அரண்மனைக்கு வந்து ஆறு மாசம்கூட நிலைக்காமல் போனவள் என்று. அந்த ராணி பெயர் மோலி ஃபிங்க். மெல்போர்னில் 1894-ல் பிறந்தவர். புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியா போனபோது சந்தித்து, அதே வருஷம் ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தார். ராஜாவுக்கு வயது 39.

இங்கே சம்மதிக்க மறுத்த பெரிய வீடு எது தெரியுமா? பிரிட்டிஷ் பேரரசு. சமஸ்தான ராஜாக்கள் வெள்ளைக்காரப் பெண்களை மணப்பது அதற்கு அறவே பிடிக்காத விஷயம். சென்னை கவர்னர், வைஸ்ராய், லண்டனில் மன்னர் என்று மேலே மேலே போன கோப்புகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லின. மோலியை மகாராணி என்று அங்கீகரிக்க முடியாது, பிறக்கும் பிள்ளைக்கு அரியணை கிடையாது. 1915 அக்டோபரில் புதுக்கோட்டைக்கு வந்தவர்கள் 1916 ஏப்ரலில் கிளம்பிவிட்டார்கள். இடையில், கர்ப்பமாக இருந்த மோலிக்கு அரளியைக் கொடுத்துக் கொல்லும் முயற்சி நடந்ததாகப் பதிவு இருக்கிறது. ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி என்று வைத்தார்கள். ராஜா ஆட்சியைச் சகோதரரிடம் விட்டுவிட்டு ஐரோப்பாவில் வாழ்ந்தார். 1928 மே 28 அன்று பாரிஸில் இறந்தபோது உடலைக்கூடப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர விடவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம். மோலி 1967-ல் பிரான்சில் கான் நகரில் இறந்தார். சாகும்வரை மோலிதான். அவருடைய அஸ்தியும் கோல்டர்ஸ் கிரீனில் கணவருடையதற்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அவர் பெயரில் கோயில் எதுவும் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ராமநாதன் ராஜா இல்லை, அவருக்குப் பின் யார் என்று பேரரசு கவலைப்பட வேண்டியதில்லை. அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முழுக்க நியாயம் ஆகாது. ஆனால் புருஷனின் உலகத்துக்குள் முழுசாக வந்து சேர்ந்த பெண்ணை மன்னிக்கலாம் என்ற கணக்கு அன்றும் இருந்தது. திசை மாறினால் அந்த மன்னிப்பும் இல்லை. 1920-ல் பதினாறு வயது ருக்மிணி தேவி தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையில் எழுந்த கூச்சல், எந்த வெள்ளைக்கார மருமகளுக்கும் எழுந்ததைவிடப் பெரியது. நம்ம பொண்ணு வெளியே போகிறாள் அல்லவா.

சட்டமும் நெடுநாள் இதே கேள்வியைத்தான் கேட்டது. 1872-ன் திருமணச் சட்டப்படி இரு மதத்தவர் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டுமென்றால், இருவரும் தாங்கள் இந்துவும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை, முஸ்லிமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரவர் மதத்தில் இருந்துகொண்டே யாரும் யாரையும் மணக்கலாம் என்பது 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் வந்தது. அதிலும் முப்பது நாள் அறிவிப்பு உண்டு. பெயர், வயது, முகவரியோடு அலுவலகச் சுவரில் தாள் ஒட்டுவார்கள். எங்கள் தாளை யாரோ போட்டோ எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் பெரியப்பா பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு நடந்த பஞ்சாயத்துகளை எழுதினால் இதே நீளத்துக்கு இன்னொரு கட்டுரை வரும். விடுகிறேன்.

ஆனால் ஒன்று. இரண்டு வீட்டிலும் வந்த கோரிக்கை ஒன்றேதான். அட்டுவம்பட்டியில் மாமா அமைதியாக, "தம்பி, நீங்க ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டா கோயில்லயே மந்திரிச்சு நல்லபடியா நடத்திரலாம்" என்றார். புதுக்கோட்டையில் அப்பா, "பேரை மட்டும் மாத்திக்கட்டும்டா, வீட்ல சாமி கும்பிட்டா போதும், வேற ஒண்ணும் கேக்கல" என்றார். இருவரும் தாராளமாகப் பேசுவதாகவே நம்பினார்கள். பேர்தானே என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றபோதும், "என் பேரைப் போடாத" என்றாள். அதனால்தான் இதில் அவள் பெயர் இல்லை. மாற்றிய பெயரும் இல்லை.

லீலாவதி விரும்பித்தான் மாறினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1902-லேயே அவர் சைவத்தின் வழியாக யோவானைப் படித்துக்கொண்டிருந்தவர். திருமணத்துக்காக அவசரமாக வந்த மாற்றம் அல்ல. கடலும் கணவரும் போன பிறகும் தனியாக நின்று கோயில் கட்டிய பெண்ணைப் பார்த்து, பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் சங்கடம் அவரோடு அல்ல. அவரை எடுத்து அடுத்த வீட்டு மருமகளுக்கு உதாரணமாகக் காட்டும் எங்களோடுதான்.

சென்ற மாதம் அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். மோலியைப் பற்றி அவருக்குத் தெரியும், அப்பத்தா சொன்ன கதைதானே. ஹாரிசன் என்ற பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். ராமநாதனின் உத்தியோகம் அவருக்குப் பிடித்திருந்தது. வாக்குரிமை விஷயத்துக்கு "அந்தக் காலத்து ஆளுக அப்பிடித்தான்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏன்டா, அந்தம்மாவோட அப்பா அம்மா யாராச்சும் கடைசி வரைக்கும் வந்து பாத்தாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "பாப்பா தூங்கிட்டாளா?" என்றார். தூங்கவில்லை என்றேன். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.